அடுத்த வீட்டு அழுகை ஒழுகுகிறது

பென்சிலை நூலில் கட்டி, நூலை ஆணியில் கட்டி, ஆணியை மேசையில் அறைந்து வைத்திருந்தார்கள். ஒரு சாண் பென்சிலுக்கு இத்தனை காவல். எங்கள் பிளாக்கின் புகார் ஆபீசில் அதற்கு முன்னால் ஏழு பென்சில்கள் காணாமல் போயிருந்தனவாம். அவற்றில் இரண்டு நான் எடுத்தவை. இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அன்று கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார். நான் ஸ்டூலில் மண்டியிட்டு, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, புகார் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்து வயது. வாசற்படியில் உட்கார்ந்து மண்ணாங்கட்டி அண்ணன் உளி தீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பிளாக்கின் கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் அவர்தான் தச்சர். கான்ட்ராக்ட் ஆள்.

“இன்னா பாப்பா எழுதிக்கினு இருக்கற? உங்க வூட்டுக் குழாயா?”

“இல்லண்ணே. தாழ்ப்பாள்.”

“தாழ்ப்பாளா? எழுதி வச்சிட்டுப் போ. பொங்கலுக்குள்ள வந்துர்றேன்.”

அப்போது வைகாசி மாதம். அண்ணன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. தாழ்ப்பாள் புகாருக்கு அவ்வளவு நாள் ஆவது வழக்கம்தான்.

நான் எழுதி முடித்தேன். கடைசியில் ‘டோக்கன் நம்பர்’ என்று ஒரு கட்டமும், அதற்குப் பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கட்டமும் இருந்தன. சுரங்கத்தில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த டோக்கன் நம்பர் எனக்கு என் பிறந்த நாளைவிட நன்றாகத் தெரியும். அதை எழுதி, ‘ச. சுடலைமுத்து’ என்று அப்பாவின் பெயரையும் போட்டு, அடியில் இரண்டு புள்ளி வைத்தேன். கட்டம் இருந்தால் நிரப்ப வேண்டும். டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?

அந்த இரண்டு கட்டங்கள் என் அப்பாவின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தன. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

எட்டு மணி நியூஸ்

அதற்கு முன் ஒரு சமாதானம். போன வாரம் சுரங்கத்துச் சங்கைப் பற்றி எழுதும்போது காடாம்புலியூர்ப் பலாப்பழத்தைவிட எங்கள் குற்றாலத்துப் பலா ருசி என்று ஒரு வரி எழுதிவிட்டேன். காடாம்புலியூர் வாசகி ஒருவர் நாலு பக்கம் திட்டி எழுதியிருக்கிறார். அம்மா, தெரியாமல் எழுதிவிட்டேன். இந்த வாரக் கதையே உங்கள் ஊர்ப் பலாச்சுளையில்தான் தொடங்குகிறது. கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். என் பெயர் இசக்கி. ஆனால் எங்கள் வரிசையில் எனக்கு வேறொரு பெயர் இருந்தது. எட்டு மணி நியூஸ். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டுப் பையன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பீடி குடிக்கிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த அரை மணி நேரத்தில் வரிசைக்கே தெரிந்துவிடும்.

வஞ்சகமில்லாமல்தான் சொல்வேன். ஒரு முறை, மதுரைக்கார அக்கா இரவல் வாங்கிய தோசைக்கல்லைத் தன் தங்கைக்குக் கொடுத்து அனுப்பிவிட்டதை, கல்லுக்குச் சொந்தக்கார அக்காவிடமே போய்ச் சொன்னேன். இரண்டு பேரும் அந்த ஆடி முழுக்கப் பேசவில்லை. பீடி குடித்த பையன் என்னைத் துரத்தித் துரத்திக் குட்டினான்.

தோசைக்கல் விவகாரம் முடிந்த அன்று அம்மா என்னைக் காதைப் பிடித்து விளக்கு முன்னால் நிறுத்தினாள்.

“ஏட்டி, நுணலும் தன் வாயால கெடும்ம்பாங்க. நீ என்னடான்னா ஊரையே கெடுத்துருவ போலிருக்கு. வெளக்கத் தொட்டுச் சொல்லு. அடுத்த வீட்டுச் சங்கதிய இனி வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

“அடுத்த வீட்டுச் சங்கதிய இனி வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்.”

“மீறினா?”

“மீறினா சாமி கண்ணக் குத்தும்.”

எனக்கு என் கண்மேல் ரொம்பப் பிரியம். அன்றிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டேன். மூன்று நாளில் வயிறு உப்பிவிட்டது. நிஜமாகத்தான். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

ஒரே அச்சில் வார்த்த வீடுகள்

அந்த நாளில் மெயின் ரோட்டு மரங்கள் எல்லாம் என் உயரம்தான் இருந்தன. வரிசை வரிசையாக ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே கதவு. அப்பா ஒரு தடவை ஷிஃப்ட் முடிந்து வந்து, அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மாவும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். குடித்து முடித்த பிறகுதான் காலண்டரில் பழனி முருகனைப் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டுக் காலண்டரில் திருச்செந்தூர் முருகன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

அந்த வீட்டுக்காரர் பழனிச்சாமி ஸார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அப்பாவுக்குச் சூப்பர்வைசர். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கோயில் கட்ட நன்கொடை வசூலிப்பார். யார் எதிரே வந்தாலும் முதலில் கும்பிடுவார். அப்பா அப்போது டெம்பரரி. அவர் பெர்மனென்ட் ஆவதற்கான காகிதம் பழனிச்சாமி ஸார் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடி அந்தக் காகிதத்தைத்தான் கும்பிட்டோம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் பின்கட்டில் விறகு போட ஓர் அறை உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கனத்த கதவு, மேலே காற்று வர ஒரு பொந்து. ஸார் வீட்டு விறகு அறையின் பொந்து எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்து இருந்தது.

ஒருநாள் அந்தப் பொந்து வழியாகக் கல் தட்டும் சத்தம் கேட்டது. டக், டக்கென்று. சொட்டாங்கல் ஆடுகிற சத்தம். விறகு எங்கேயாவது சொட்டாங்கல் ஆடுமா? அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஒரு பெண். ஒன்பது வயதிருக்கும். தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். அவள்தான் வசந்தா. பழனிச்சாமி ஸாரின் அண்ணன் மகள். ‘டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்கிறேன்’ என்று சொல்லி ஊரிலிருந்து கூட்டி வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் நான் அவளை ஒருநாளும் பார்த்ததில்லை. சித்தியின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போது பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள்.

“உள்ள என்னட்டி பண்ணுத?”

“சித்தி போட்டுப் பூட்டிட்டாங்க. கொழந்தை அழுதுதுன்னு.”

“எப்பத் தொறப்பாங்க?”

“தெரியாதுக்கா.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இப்போது இதைப் படிக்கிற எல்லாருக்கும் பதில் தெரியும். எனக்கு அன்று வேறொன்றுதான் தோன்றியது. ஆகா, வாயைத் திறந்து பேச ஆள் கிடைத்தாயிற்று! எங்கும் போக முடியாத ஆள்! அவளிடம் சொன்னால் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாள்? விளக்கைத் தொட்டுச் செய்த சத்தியம் கொஞ்சம் நெருடியது. பொந்துக்குள் சொல்வது வெளியே சொல்வது ஆகாது என்று சாமியைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவளைப் பூட்டும்போதெல்லாம் அண்டாமேல் ஏறி நின்று எட்டு மணி நியூஸ் வாசித்தேன். அவள் சிரிப்பாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் கையில் இருந்த தழும்பை நான் பார்த்தேன். “என்னட்டி இது?” என்றேன். “விழுந்துட்டேன்க்கா” என்றாள். விழுந்தால் முட்டியில் அல்லவா சிராய்க்கும், கரண்டிக் காம்பு அளவுக்கு நீளமாகவா தழும்பு வரும் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு தோசைக்கல் கதையைத் தொடர்ந்தேன்.

இதை எழுதும்போது எனக்கு என்மேல் கோபம் வருகிறது. பத்து வயது என்றாலும் கோபம்தான்.

ரேடியோவின் சத்தம்

தெரிந்தது எனக்கு மட்டும் இல்லை. வசந்தா அடி வாங்கும் சத்தம் எங்கள் வரிசை முழுக்கக் கேட்கும். உடனே மதுரைக்கார அக்கா ரேடியோவைக் கூட்டி வைப்பார். அவருக்கு அடுத்த வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். அம்மா அம்மியில் எதையாவது அரைக்கத் தொடங்குவாள். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அரைப்பாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் தினம் துவையல்தான்.

ஒரு முறை நான் அம்மாவிடம் வாய் விட்டேன். “அம்மா, அந்தப் பிள்ளைக்குக் கையில சூடு…”

“சத்தியம் மறந்துட்டியாட்டி? அவுங்க பிள்ளை, அவுங்க வளக்காங்க. உங்கப்பா காகிதம் அவரு கையில கெடக்கு. வேலில போற ஓணான எடுத்து மடியில விடாத.”

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் பிள்ளையை அடிப்பதற்குப் பெயர் வளர்ப்பு. குழாய் ஒழுகினால் எழுத ஒரு புத்தகம் இருந்தது. ஃபியூஸ் போனால் எழுதலாம். பிள்ளை அழுதால் எங்கே போய் எழுதுவது? யாருக்கும் தெரியாது.

கொட்டை சொன்ன சாட்சி

இப்போது பலாச்சுளைக்கு வருகிறேன். மண்ணாங்கட்டி அண்ணன் காடாம்புலியூரில் இருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அவருக்குத் தோஸ்து. நான் ஆறு சுளையை ஈர்க்குச்சியில் கோத்து, பொந்து வழியாக வசந்தாவுக்கு நீட்டினேன். தின்றுவிட்டுக் கொட்டையை விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

பலாவைத் தின்றுவிட்டு மறைத்தவர்கள் உலகத்தில் உண்டா? கை மணக்கும், வாய் மணக்கும், வீடே மணக்கும். சித்தி மோப்பம் பிடித்தார். விறகைக் கிளறினார். ஆறு கொட்டை. “எங்க திருடுனே?” என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் ஸாரும் அவர் மனைவியும் கைக்குழந்தையோடு குள்ளஞ்சாவடி வழியாகக் கடலூர் போகிற பஸ்ஸில் ஒரு வளைகாப்புக்குப் போனார்கள். வசந்தாவைக் காணவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தேன். மத்தியானம் தற்செயலாக அண்டாமேல் ஏறினேன்.

அவள் விறகின்மேல் சுருண்டு படுத்திருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வைகாசி வெயில். பொந்திலிருந்து அனல் என் முகத்தில் அடித்தது.

“வசந்தா! ஏட்டி வசந்தா!”

மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகு கண்ணைத் திறந்தாள். கையில் புதிதாக ஒரு சூடு. கொப்புளம் உடைந்திருந்தது.

“உம் பேரச் சொல்லலக்கா,” என்றாள். “எத்தனை தடவை கேட்டாங்க. நான் சொல்லவே இல்ல.”

ஊர்ச் சங்கதி எல்லாம் ஊருக்குச் சொன்ன வாய் என்னுடையது. ஒரு பேரைச் சொல்லாமல் சூடு வாங்கிய வாய் அவளுடையது. அப்படியே அண்டாவிலிருந்து விழுந்து சாகலாம் போல இருந்தது.

“தண்ணி வேணுக்கா.”

பப்பாளித் தண்டை ஒடித்து, இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, குழாய் போலப் பொந்தில் நுழைத்துச் செம்புத் தண்ணீரை ஊற்றினேன். பாதி அவள் வாயில் விழுந்தது, பாதி விறகில் விழுந்தது. இறங்கி உள்ளே ஓடினேன். அம்மா மதுரைக்கார அக்காவோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வசந்தா…”

“சத்தியம்!” என்றாள் அம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா ஷிஃப்ட்டில் இருந்தார். நான் வாசலில் நின்றேன். வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்றுதானே சத்தியம்? கையைப் பற்றி விளக்கு முன்னால் யாரும் ஒன்றும் பேசவில்லையே?

புகார் ஆபீசுக்கு ஒரே ஓட்டம்.

படித்துக் காட்டுவது கோள் ஆகாது

புகார் புத்தகத்தில் ஒரு விதி உண்டு. கிளார்க்கே எங்கள் அப்பாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடுத்த வீட்டுக் குழாய் உடைந்து நம் வீட்டுப் பக்கம் தண்ணீர் வந்தால், நாமே அந்த வீட்டு நம்பரைப் போட்டுப் புகார் எழுதலாம். நான் எழுதியது இதுதான்:

‘மேற்படி குவார்ட்டர்ஸின் விறகு அறைக்குத் தாழ்ப்பாள் வெளியே மட்டும் உள்ளது. உள்ளே வசந்தா என்கிற பெண், வயது ஒன்பது, உள்ளது. கையில் சூடு உள்ளது. தண்ணீர் இல்லை. அடுத்த வீட்டு அழுகை எங்கள் வீட்டுப் பக்கம் ஒழுகுகிறது. உடனே வந்து சரி செய்து தரவும்.’

எழுதி முடித்து, கட்டங்களை நிரப்பி, பென்சிலை வைத்தேன். பொங்கல் வரை எப்படிக் காத்திருப்பது? என் முகத்தைப் பார்த்து மண்ணாங்கட்டி அண்ணன் உளியைக் கீழே வைத்தார்.

“இன்னா பாப்பா, அழுவுறியா? இன்னா எழுதுன? எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டு.”

எழுதினதைப் படித்துக் காட்டுவது கோள் ஆகாது. பள்ளிக்கூடத்தில் அதற்கு மார்க்கே போடுகிறார்கள். உரக்கப் படித்தேன். 

அண்ணன் எழுந்துவிட்டார். அவர் பெயரைச் சொல்லி நாங்கள் சிரிக்காத நாள் இல்லை. அவருக்கு முன்னால் பிறந்த நாலு பிள்ளைகளும் தங்கவில்லை. ஐந்தாவது பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு, அடுத்த தெருக்காரி எடுக்க, அவளிடம் ஒரு படி தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கி, எமன்கூட ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது என்று மண்ணாங்கட்டி எனப் பெயர் வைத்தார்களாம். அந்தப் பக்கத்து வழக்கம் அது.

“ஒரு புள்ளயக் காப்பாத்த எங்காத்தா இன்னா பாடுபட்டிருக்கு,” என்றார். “இவங்க புள்ளய வெறவோட போட்டுப் பூட்டிட்டு வளைகாப்புக்குப் போயிருக்காங்களா?”

கிளார்க் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“அடியே! என்ன காரியம் பண்ணியிருக்கே? சூப்பர்வைசர் வீடு!”

“வேலைச் சீட்டு கிழிச்சுக் குடுங்க ஸார்,” என்றார் அண்ணன்.

“சீட்டா? இதை முதல்ல கோடு போட்டு அடிக்கணும்யா.”

“அடிங்க பாக்கலாம்.”

கிளார்க் பேனாவைத் தூக்கினார். அப்படியே நின்றார். புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் நம்பர். டோக்கன் நம்பரும் கையெழுத்தும் விழுந்த புகாரை அடித்தால் அவருக்கு மெமோ. அந்த மனிதர் மெமோவுக்குப் பயந்த அளவுக்கு அவர் மாமியாருக்குக்கூடப் பயந்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். புகாரின் வகை: தச்சு வேலை.

பின் சந்து வழியாகப் போனோம். விறகு அறையில் பெரிய பூட்டு. அண்ணன் பூட்டைத் தொடவே இல்லை. கீலின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பூட்டோடு சேர்த்துக் கதவையே பெயர்த்து எடுத்துச் சுவரில் சாய்த்தார். அதற்குள் வரிசையே கூடிவிட்டது. “யாருய்யா நீ, அடுத்தவன் வீட்டுக் கதவ…” என்று யாரோ அதட்டினார்.

“எங்கிட்ட சீட்டு இருக்குதுங்க,” என்று அண்ணன் சீட்டை உயர்த்திக் காட்டினார்.

உள்ளே போய் வசந்தாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மதுரைக்கார அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். 

பிறகு பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையைப் பார்த்துக் கத்தினாள்: “ரேடியோ வச்சீங்களே மூதிகளா, ரேடியோ! நானும் அரைச்சேனே, பாவி மட்டை, நானும் அரைச்சேனே!”

ஆஸ்பத்திரிக்கு அம்மாதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன்.

விசாரணை

இரண்டு நாள் கழித்துக் குவார்ட்டர்ஸ் ஆபீசர் அறையில் விசாரணை. அப்பாவைக் கூப்பிட்டார்கள். நானும் மண்ணாங்கட்டி அண்ணனும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். அண்ணனுக்கு எந்த நேரமும் வேலைக்கே சீட்டுக் கிழியலாம். அதைப் பற்றிக் கவலைப்படாமல் எட்டிப் பார்க்க என்னைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

பழனிச்சாமி ஸார் ஆபீசரைக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: “ஏனுங் ஸார், இது சுடலைமுத்து எழுதுனது இல்லீங். பாத்தாலே தெரியுதுங்களே, கொழந்தை கையெழுத்துங். இவரு புள்ளை ஊரெல்லாம் கோள் சொல்ற புள்ளைங். நான் எழுதலைன்னு இவரு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங். நானும் பெருசு பண்ண மாட்டேன். இவரு காகிதம்கூட என்ர மேசையிலதானுங் இருக்குது.”

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

ஆபீசர் புத்தகத்தை அப்பா பக்கம் தள்ளினார். “இது உங்க கையெழுத்தா?”

அப்பாவின் நிஜக் கையெழுத்து இங்கிலீஷில் ஒரு சுழி, ஒரு கோடு. புத்தகத்தில் இருந்ததோ குண்டு குண்டாகப் பென்சில் எழுத்து, அடியில் இரண்டு புள்ளி வேறு. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு மூத்திரம் முட்டியது. அவர் ‘இல்லை’ என்றால் எங்களுக்குக் காகிதம் கிடைக்கும். வசந்தா மறுபடி அந்த வீட்டுக்குப் போவாள்.

“எங் கையெழுத்துதான்யா,” என்றார் அப்பா.

“இவ்வளவு குண்டாவா எழுதுவீங்க?”

“அவசரத்துல எழுதுனதுய்யா. எழுத்து எப்படி இருந்தா என்ன? எழுதியிருக்கது சரிதானா, அதப் பாருங்கய்யா. அந்தப் பிள்ளை கை ஆஸ்பத்திரியில இருக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க.”

ஆபீசர் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, புகார் நிற்கும் என்றார். வேலை முடிந்ததாக அந்தக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் புகார் தீரும் என்றும் சொன்னார்.

பழனிச்சாமி ஸார் போடவில்லை. போட்டால் உள்ளே பிள்ளை இருந்தது நிஜம் என்று ஆகுமே! அங்கேதான் அவர் ஒன்றை மறந்தார். தீராத புகார்களின் பட்டியலைச் சனிக்கிழமைதோறும் கிளார்க் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார். அந்தச் சனிக்கிழமை, குழாய்களுக்கும் ஃபியூஸ்களுக்கும் நடுவில், ஸாரின் குவார்ட்டர்ஸ் நம்பரோடு என் எழுத்து அப்படியே டைப்பில் நகலாகி ஒட்டப்பட்டிருந்தது. ‘அடுத்த வீட்டு அழுகை எங்கள் வீட்டுப் பக்கம் ஒழுகுகிறது.’ மூன்று ஷிஃப்ட்டுக்காரர்களும் நின்று படித்தார்கள். நானும் நாலு தடவை போய்ப் படித்தேன். என் எழுத்து அச்சேறிய முதல் இடம் அதுதான்.

ஸார் கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிட ஆள் இல்லாமல் போயிற்று. மூன்றாவது சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்து வசந்தா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா சொல்லச் சொல்ல நான் அவள் ஊருக்குக் கடிதம் எழுதினேன். பதினோரு நாள் எங்களோடு இருந்தாள். அந்தப் பதினோரு நாளும் அவள்தான் பேசினாள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நம்பினால் நம்புங்கள்.

பன்னிரண்டாம் நாள் அவள் அம்மா வந்தார். குடையை வாசலில் வைத்துவிட்டு, மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் அம்மா காலில் விழப் போனார். அம்மா பதறி விலகி, “நானும் அரைச்சவதாம்மா” என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்பாவின் காகிதம் ஒரு வருஷம் தள்ளித்தான் வந்தது. வேறு செக்‌ஷனுக்கு மாற்றல் ஆன பிறகு வந்தது. மண்ணாங்கட்டி அண்ணனை மூன்று மாதம் வேலைக்குக் கூப்பிடவில்லை. அந்த மூன்று மாதமும் எங்கள் பிளாக்கில் ஒரு கதவும் சரியாகச் சாத்தவில்லை. பிறகு அவர்களே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஒரு சுழி, ஒரு கோடு

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். விசாரணை நடந்த அன்று சாயங்காலம் நான் அடிக்குப் பயந்து அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார்.

“ஏட்டி, வெளிய வா. சிலேட்ட எடு.”

எடுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பலப்பத்தை வாங்கினார்.

“எம் பேர இப்படியா போடுவ? கீழ ரெண்டு புள்ளி வேற, கோலம் மாதிரி. இங்க பாரு. சுழியில ஆரம்பி. கோடு கீழ இறங்கி வரணும். எங்க, போடு.”

போட்டேன். அழித்தார். மறுபடி போட்டேன். பலப்பம் பாதியாகத் தேயும்வரை விடவில்லை. கடைசியில் சிலேட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இப்பச் சரி,” என்றார். “இனி எவனும் பிள்ளை எழுத்துன்னு சொல்ல முடியாது.”

அந்தக் கையெழுத்தை அதற்குப் பிறகு புகார் புத்தகத்தில் இரண்டு தடவை போட்டேன், வேறு இரண்டு வீடுகளுக்காக. இரண்டு தடவையும் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், “எங் கையெழுத்துதான்யா” என்று சொல்லிவிட்டு வந்தார்.